இரவல் ஷட்ஜம்

வாசலில் நீட்டிப் பிடித்த மைக்குக்கு இந்தப் பக்கம் நின்ற சனம் ஓயாமல் கதைத்துக்கொண்டிருந்தது. மைக்கைத் தாண்டி உள்ளே போன சனம் ஓயாமல் செருமிக்கொண்டிருந்தது. சோதிலிங்கம் மாஸ்டர் இதை வரிசையில் நின்றபடியே கவனித்துவிட்டார். அடுத்தவனுடைய தொண்டையைக் கவனிப்பதுதான் சங்கீதப் பரீட்சகரான அவருக்கு முப்பது வருஷத் தொழில். கண்டி மழைக்குச் சளி பிடித்த கூட்டம் என்று மனதுக்குள் எல்லாருக்கும் ஐந்து புள்ளி குறைத்துவிட்டுக் குடையை உதறினார்.

பேராதனை வீதியில் கெட்டம்பே தாண்டி, ஆற்றுப் பக்கமாக இருந்த பழைய தேயிலைக் களஞ்சியம் அது. இப்போது கலியாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் வாடகைக்கு விடுகிறார்கள். சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. ஹந்தானை மலை இருந்த இடத்தில் மழைதான் இருந்தது. நிலூ என்று ஒருத்தியின் கச்சேரி. கச்சேரியாம்! தம்பூரா இல்லை, மிருதங்கம் இல்லை, ஒரு பெட்டி, நாலு வயர். பாட்டு எழுதுவதும் அவள், மெட்டுப் போடுவதும் அவள், மிச்சத்தை மெஷின் பாடிக்கொள்ளும். அதைக் கேட்க ஐந்நூறு பேர் நனைந்துகொண்டு நிற்கிறார்கள். இந்த ஊரில் வேலைவெட்டி இல்லாதவர்கள் இத்தனை பேரா என்று மாஸ்டர் நினைத்தார்.

அவர் பாட்டுக் கேட்க வரவில்லை. மகளை மீட்டுக்கொண்டு போக வந்திருந்தார்.

பிரியாந்தினிக்குப் பத்தொன்பது வயது. தாய் இல்லாத பிள்ளை. ஏழு வயதிலிருந்து விடியற்காலை நாலரைக்கு எழுப்பி அந்தக் குரலை மாஸ்டர் வளர்த்தார். பிள்ளையை வளர்த்ததைவிடக் குரலை வளர்த்ததுதான் கூட என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வராது, பெருமைதான் வரும். அடுத்த சனிக்கிழமை அவளுக்குச் சங்கீதத்தில் கடைசித் தரத்துச் செய்முறைப் பரீட்சை. அப்படிப்பட்ட நேரத்தில், போன கிழமை சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு அவள் சொன்னாள்: "நான் சோதினைக்கு இருக்கேல்லை அப்பா. நிலூ மாதிரிப் பாட்டுச் செய்யப் போறன்."

செய்வதாம்! பாட்டென்ன, புட்டா?

"உது கரண்டுப் பாட்டடி, பிள்ளை. கரண்ட் போனாப் பாட்டும் போயிடும்."

"அப்பான்ர சுருதிப் பெட்டியும் கரண்டிலதானே ஓடுது?"

மாஸ்டர் ஏசத் தொடங்கினார். ஏச்செல்லாம் முடிந்த பிறகு அவள் ஒரு பேரம் பேசினாள். அவர் வந்து முழுக் கச்சேரியையும் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு ஒரு பிழை சொல்ல வேண்டும். "ஏச்சு இல்லை அப்பா, பிழை. மெய்யான பிழை ஒண்டு காட்டுங்கோ, நான் சோதினைக்கு இருக்கிறன்."

"பிழை பிடிக்க எனக்கு ஒரு நிமிஷம் காணும்," என்றார் மாஸ்டர்.

அதில் பொய்யில்லை. பரீட்சை அறையில் அவருடைய முறையே அதுதான். பிள்ளை வந்து சம்மணம் கட்டி இருந்து முதல் 'ஸ'வைப் பிடிக்கும். அந்த ஒரு ஸ முடிவதற்குள் மாஸ்டர் சிவப்புப் பேனையால் புள்ளியைப் போட்டுவிடுவார். மிச்சம் இருபது நிமிஷமும் பிள்ளை வர்ணமும் கீர்த்தனையும் பாட, அவர் யன்னலால் காகம் பார்ப்பார். இப்போதும் அந்தச் சிவப்புப் பேனை சட்டைப் பையில்தான் இருந்தது.

வரிசையில் முன்னால் நின்ற அஸ்ஃபர், கட்டுகஸ்தோட்டையில் போன் கடை வைத்திருப்பவர், திரும்பிப் பார்த்து வாயெல்லாம் பல்லானார். "என்ன மாஸ்டர், நீங்களுமா? உலகம் அழியிற கியாமத்து நாள் கிட்டடியில வந்திட்டு போல!"

"நான் பாட்டுக் கேட்க வரேல்லை அஸ்ஃபர். பிழை பாக்க வந்தனான்."

அஸ்ஃபர் சிரித்துக்கொண்டே மைக்குக்குப் போய், "ஹலோ ஹலோ, மைக் டெஸ்டிங்!" என்று கத்தினார். உள்ளே இரண்டடி வைத்ததும் திரும்பி ஏதோ பகிடி சொன்னார். வாய் அசைந்தது, சத்தம் எட்டவில்லை. பிறகு தொண்டையைத் தடவிச் செருமிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார்.

மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அறுபது வயது மதிக்கத்தக்க பெண். மஞ்சள் சேலை, எண்ணெய் வைத்து இறுக்கிய கொண்டை, கொழுந்து ஆய்ந்து ஆய்ந்து கறுத்துப்போன விரல் நுனிகள். தேயிலைத் தோட்டத்து ஆள் என்று மாஸ்டருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தெரிந்ததும் அவளைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

"கொஞ்சூண்டு போதும் பாப்பா," என்று அவள் பிரியாந்தினியிடம் சொன்னாள். "ஒரு ஹலோ, ஒரு இருமல், எதுன்னாலும் சரிதான். இதெல்லாம் வச்சுத்தான் எங்க நிலூஷா பாட்டு செய்யும். முடிஞ்சதும் ஒங்ககிட்டயே வந்துரும்."

பிரியாந்தினிக்கு அப்பா பக்கத்தில் நிற்கிற வெட்கம். வாயைப் பாதி திறந்து ஒரு ஸ பிடித்தாள். அது நூலளவு இறங்கியிருந்தது. ஐந்நூறு பேரில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. மாஸ்டருக்குப் பல் கூசியது.

"இறங்கிப் போச்சு. திருப்பிப் பாடு."

"அப்பா, சனம் பாக்குது."

"பாக்கட்டும். வயித்துக்குள்ளால எடு. முழுசாய்க் குடு. ஒண்டையும் உள்ளுக்க வைக்காத."

அந்தப் பெண் மைக்கைச் சற்றுப் பின்னுக்கு இழுத்தாள். "அம்புட்டு வேணாங்கய்யா. கொஞ்சமா குடுத்தாப் போதும்."

"கொஞ்சம் கொஞ்சமாய்க் குடுக்கிறது உங்கட ஆக்களின்ர பழக்கம்," என்றார் மாஸ்டர். "எங்கட வீட்டில குடுத்தா முழுசாய்த்தான்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லாத பார்வை. எதையோ சரிபார்த்துக்கொள்கிற பார்வை.

"முழுசாவுங்களா, ஐயா?"

"ஓம். முழுசாய்."

"ஐயா சொன்னாச் சரிங்க."

மைக் முன்னுக்கு வந்தது. பிரியாந்தினி கண்ணை மூடி, வயிற்றுக்குள்ளிருந்து எடுத்து, ஐந்து கட்டையில் ஒரு ஸ பிடித்தாள். நனைந்துகொண்டிருந்த வரிசை கப்சிப் என்று ஆனது. ஆடாமல், வழுவாமல், மழைச் சத்தத்துக்கு மேலே அது நின்றது. மாஸ்டருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கேளுங்கள், மடையர்களே, இதுதான் குரல்!

தன்னுடைய முறை வந்தபோது அவர் கையால் மைக்கை மறித்தார். "நான் பாடுறவன் இல்லை. பரீட்சிக்கிறவன்."

"தெரியுங்கய்யா. ஐயாவை எனக்குத் தெரியும். நான் ராக்கம்மா. கலஹாவுல இருந்து புள்ளையக் கூட்டியாந்தேனே, மறந்துட்டீங்க போல." அவள் வழிவிட்டாள். "ஐயாவோடது வேணாம். ஐயா கேட்டாப் போதும்."

கலஹாவிலிருந்து எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். மாஸ்டர் உள்ளே நடந்தார்.

உள்ளே நாற்பது வருஷத் தேயிலைத் தூசி மரச் சட்டங்களில் ஊறிப்போய், ஈரச் சட்டைகளின் நாற்றத்தோடும் சூடேறிய வயரின் கருகல் வாசத்தோடும் கலந்து, தொண்டைக்குள் போய் ஒட்டிக்கொண்டது. நாலு சுவரிலும் கறுப்புப் பெட்டிகளாக ஸ்பீக்கர்கள், ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரம். நாலாவது வரிசையில் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளில் அப்பனும் மகளும் இருந்தார்கள். பிரியாந்தினி கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"தண்ணி வேணுமே?"

அவள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். வாய் திறக்கவில்லை. சனத்துக்கு முன்னால் திருத்தியதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாளாக்கும், இருக்கட்டும், அடுத்த சனிக்கிழமை நன்றி சொல்லுவாள் என்று மாஸ்டர் கதிரையில் சாய்ந்தார்.

நிலூ மேடைக்கு வந்தாள். மெலிந்த, கட்டையான பெட்டை. கறுப்புச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு. வணக்கமும் இல்லை, பேச்சும் இல்லை. மேசையில் இருந்த பெட்டியில் ஒரு பொத்தானை அமுக்கினாள். வாயை மட்டும் திறக்கவில்லை.

முதலில் இருமல்கள் வந்தன. பத்து, இருபது, நூறு இருமல்களை வெட்டி ஒட்டி ஒரு தாளமாக்கியிருந்தாள். அதற்கு மேல் ஹலோக்கள் அடுக்கடுக்காக ஏறின. ஒரு கிழவனின் சிரிப்பு வீணைத் தந்தியைப் போல இழுபட்டது. அஸ்ஃபரின் 'மைக் டெஸ்டிங்' துண்டு துண்டாகிக் கூரைக்கும் நிலத்துக்கும் பாய்ந்தது. தன் தன் சத்தத்தை அடையாளம் கண்டு சனம் துள்ளியது. கோழிக்கூட்டுக்குள் நரி புகுந்த சத்தம் என்று மாஸ்டர் தீர்ப்பளித்தார். இருந்தாலும், எவ்வளவு தேடியும், தாளத்தில் ஒரு மயிரிழையும் பிசகவில்லை. அது அவருக்கு எரிச்சலாக இருந்தது.

நிலூ நெற்றி முடியை ஒதுக்கி, தலையைக் குனிந்து, இடது காதைப் பொத்திக்கொண்டாள். அந்தக் குனிவை அவர் எங்கோ பார்த்திருக்கிறார்.

பதினொரு வருஷம் இருக்கும். இதேபோல ஒரு மழைநாள். கலஹா பஸ் பிந்தி, கடைசி ஆளாக நனைந்த பள்ளிச் சட்டையோடு வந்த ஒரு பெட்டை. வாசலில் சேலைத் தலைப்பைப் பிசைந்துகொண்டு ஒரு தாய். பெட்டை காதைப் பொத்திக்கொண்டு ஸ பிடித்தாள். கரகரவென்று ஏதோ வந்தது. மாஸ்டர் பேனையை மூடிவிட்டார். இன்னொருக்காப் பாடுறேன் சேர் என்று அது அழுதது. "பாடுறதுக்குக் குரல் எண்டு ஒண்டு வேணும் பிள்ளை," என்றார் அவர். "உனக்கு அது இல்லை. ஆரிட்டயாவது இரவல் வாங்கிக்கொண்டு வா, பிறகு பாப்பம்." கூட இருந்த பரீட்சகர் விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல பகிடி. எத்தனையோ கலியாண வீடுகளில் மாஸ்டர் அதைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார்.

அந்தப் பெட்டையா இது? சீ, இதுவெல்லாம் மேடை ஏறுகிற காலமாகிவிட்டது.

பாட்டு முடிந்தது. சனம் எழும்பிக் கைதட்டியது. கைகள் உயர்ந்தன, போன்கள் உயர்ந்தன, வாய்கள் அகலத் திறந்தன. மாஸ்டர் காதுக்குள் விரலை விட்டுக் குடைந்தார். கைதட்டு மட்டும் கேட்டது. கூரைத் தகரத்தில் மழை கேட்டது. ஒரு கூச்சல் இல்லை, ஒரு 'ஹேய்' இல்லை. ஐந்நூறு வாய்கள் கூவிக்கொண்டிருந்தன. ஒன்றிலிருந்தும் சத்தம் வரவில்லை.

ஸ்பீக்கர்காரன் காதைச் செவிடாக்கிவிட்டான் என்று நினைத்து மாஸ்டர் செருமிப் பார்த்தார். தன்னுடைய செருமல் துல்லியமாகக் கேட்டது. இரண்டு கதிரை தள்ளி இருந்த அஸ்ஃபர் அந்தச் சத்தத்துக்குத் திரும்பினார். இன்னும் நாலைந்து பேர் திரும்பினார்கள். அந்த மண்டபத்தில் தொண்டையில் சத்தம் உள்ள ஒரே ஆளை அவர்கள் ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

"பிள்ளை," என்றார் மாஸ்டர். "எழும்பு, போவம்."

பிரியாந்தினி எழும்பவில்லை. மேடையைப் பார்த்தபடி இருந்தாள். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

இருட்டுக்குள் நிலூ முதன்முறையாக வாயைத் திறந்தாள்.

ஸ.

ஐந்து கட்டை. ஆடாமல். வழுவாமல். நாலு சுவரிலிருந்தும் ஒரே நேரத்தில். மாஸ்டருக்கு உடம்பு சிலிர்த்தது. அவருக்குத் தெரியாத குரலா அது? பன்னிரண்டு வருஷம் விடியற்காலைகளில் அவர் செதுக்கிய குரல். முதலில் வந்தது பெருமைதான், சொல்ல வெட்கமாக இருந்தாலும். இத்தனை ஓட்டைச் சத்தங்களுக்கு நடுவில் கடைசியில் இவளுக்கும் எங்கள் பிள்ளையின் குரல்தானே தேவைப்பட்டது! உயர்ந்திருந்த போன்களின் வெளிச்சத்தில் அவர் சிரித்துக்கொண்டு பக்கத்தில் பார்த்தார்.

பிரியாந்தினியின் வாய் திறந்திருந்தது. அகலமாக. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவள் கத்திக்கொண்டிருந்தாள்.

ஒரு சத்தமும் இல்லை.

மேடை விளக்கு வந்தபோது நிலூ வாயை மூடியிருந்தாள். ஸ மட்டும் நிற்கவில்லை. சனம் கதிரைகளை இழுத்துக்கொண்டு வெளியே போகத் தொடங்கியது. வாசலைத் தாண்டத் தாண்ட ஒவ்வொருவராக இருமினார்கள், கனைத்தார்கள், கதைத்தார்கள். "நல்லா இருந்திச்சு மாஸ்டர்!" என்று அஸ்ஃபர் வாசலில் நின்று கரகரத்துவிட்டுப் போனார். கொடுத்த கொஞ்சம் எல்லாருக்கும் திரும்பி வந்துகொண்டிருந்தது. மாஸ்டர் மகளைக் கைப்பிடியாக வாசல்வரை இழுத்துக்கொண்டு போனார். வாசலுக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார்.

"கதை."

வாய் அசைந்தது.

"கதை பிள்ளை. அப்பா எண்டு சொல்லு."

வாய் அசைந்தது. கண்ணால் தண்ணீர் வழிந்தது. காற்று மட்டும் வந்தது. உள்ளே அந்த ஸ நின்றுகொண்டிருந்தது.

அவர் அவளை இழுத்துக்கொண்டு திரும்பவும் உள்ளே ஓடினார். வெறும் மண்டபம். விழுந்து கிடந்த கதிரைகள். மேடையின் கீழே நிலூ நின்றாள். பக்கத்தில் மைக்கோடு ராக்கம்மா. மாஸ்டர் பிரியாந்தினியைக் கதிரையில் இருத்தினார்.

"என்ன செய்தனீ என்ர பிள்ளைக்கு? குடு அதை! திருப்பிக் குடு!"

நிலூ கையைக் கட்டிக்கொண்டாள். பரீட்சை அறையில் பிள்ளைகள் நிற்பதுபோல.

"பிழை இருந்தாச் சொல்லுங்க சேர்," என்றாள். "இருந்தா, இது எனக்கு வேணாம். திருப்பிக் குடுத்துர்றேன்."

குரல் பிரியாந்தினியுடையது. பேச்சு மட்டும் கலஹாவுடையது.

மாஸ்டரின் கை தானாகவே சட்டைப் பைக்குப் போய்ச் சிவப்புப் பேனையை எடுத்தது. பிழை. ஒரு பிழை. மெய்யான பிழை ஒன்று. கண்ணை மூடிக் கேட்டார். சுருதி? அசைவில்லை. கனம்? குறையவில்லை. எதைப் பிடிப்பது? வழுகிற இடம் எல்லாவற்றையும் அவரே ஏசி ஏசித் தேய்த்து எடுத்துவிட்டாரே. தொடையில் தாளம் போட்டார். ஒரு ஆவர்த்தனம். இரண்டு. மூன்று. மூன்றாவதின் முடிவில் பிரியாந்தினி ஒரு சின்ன விக்கலோடு மூச்சு எடுப்பாள். பன்னிரண்டு வருஷ ஏச்சுக்கும் போகாத பழக்கம் அது ஒன்றுதான்.

நாலு. ஐந்து. ஆறு.

மூச்சு எடுக்கவில்லை.

"பிடிச்சன்!" மாஸ்டர் துள்ளினார். போன உயிர் வந்ததுபோல இருந்தது. வந்த கையோடு பழைய இளக்காரமும் வந்து சேர்ந்தது. "மூச்சு இல்லை! குரல் இருக்கு, மூச்சு எங்க? ஆறு ஆவர்த்தனம் ஒரே மூச்சில மனிசர் பாடுறதே? உது மெஷின்! உது செத்த குரல்! அப்பவும் சொன்னன், இப்பவும் சொல்லுறன், உனக்குச் சங்கீதம் வராது. பிழை! முட்டைதான் போடுவன்!"

சட்டைக் கையை யாரோ பிடித்து இழுத்தார்கள். பிரியாந்தினி. வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "இருடி," என்றார் மாஸ்டர், திரும்பிப் பாராமலே.

நிலூ ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்தாள். பிறகு மெல்லத் தலையை ஆட்டினாள்.

"ஆமாங்க சேர். நான் கவனிக்கல. சேர் சொன்னதுதான் சரி." அவள் தாயைப் பார்த்தாள். "அம்மா, மைக்கைக் கொண்டாங்க. அதையும் வாங்கிட்டாத் திருத்திரலாம்."

ராக்கம்மா கதிரைகளை விலக்கிக்கொண்டு வந்தாள். அவசரப்படவில்லை. "முழுசான்னு ஐயாதான் சொன்னீங்க," என்றாள். திறந்திருந்த பிரியாந்தினியின் வாய்க்கு நேரே மைக்கைப் பிடித்தாள்.

"நில்லு," என்றார் மாஸ்டர். "நில்லு. பிழை இல்லை. பிழை இல்லை! நான்..."

ஒரு சின்ன விக்கல்.

ஸ்பீக்கரில்.

ஸ மறுபடி தொடங்கியது. ஒரு ஆவர்த்தனம். இரண்டு. மூன்று. விக்கல். மூச்சு. ஸ. இப்போது உயிரோடு இருந்தது அது. சிவப்புப் பேனைக்கு அதில் வேலையே இல்லை.

"இப்ப, சேர்?" என்று நிலூ அவருடைய மகளின் குரலில் கேட்டாள். கையைக் கட்டி, தலையைக் குனிந்து, புள்ளிக்காகக் காத்து நின்றாள்.

சட்டைக் கையில் பிரியாந்தினியின் பிடி தளரவில்லை. நிமிர்ந்து இருந்தாள். வாய் திறந்திருந்தது. கண் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை. மாஸ்டர் அவளுடைய வாய்க்கு முன்னால் உள்ளங்கையை நீட்டினார். நீட்டியபடியே நின்றார். உள்ளங்கையில் ஒன்றும் படவில்லை.

நாலு சுவரிலிருந்தும் அவருடைய மகள் மூச்சு எடுத்தாள்.